ஓவன் இல்லாத வீட்டுக்கு ஒரு பழக் கேக்

நேயர்களுக்கு வணக்கம். கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கிறவங்களுக்கும், அந்தப் பக்கம் இருந்து கேட்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

வீட்டிலேயே கேக் செய்யலாமேன்னு யாரிடம் சொன்னாலும், "எங்க வீட்ல ஓவன் இல்லையே டீச்சர்"ங்கிறாங்க. அடுத்தது, "என்னெல்லாமோ சாமான் வாங்கணுமே". இந்த இரண்டையும் இன்னைக்குக் கொஞ்சம் அசைச்சுப் பார்ப்போம். கடைசியில் கஞ்சியும் பயறும் பற்றிச் சொல்லணும், அதுக்கும் நேரம் வச்சிருக்கேன்.

முதலில் ஒரு கதை. வடகேரளத்துத் தலைச்சேரியில் மம்பள்ளி பாபுன்னு ஒருத்தர். பர்மாவில் பிஸ்கட் தொழில் படிச்சுட்டு வந்து, 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபாக்டரியைத் தொடங்கினார். 1883-ல், கிறிஸ்மஸ் நெருங்குற சமயம். அஞ்சரக்கண்டி கருவாப்பட்டைத் தோட்டத்து வெள்ளைக்காரர் மர்டாக் பிரவுன், இங்கிலாந்திலிருந்து வந்த ப்ளம் கேக்கைக் கொண்டுவந்து, "இதே மாதிரி செய்து தர முடியுமா"ன்னு கேட்டாராம். பக்கத்தில் பிரெஞ்சுக்காரங்க ஆண்ட மாகி இருக்கே, அங்கே போய் பிரெஞ்சு பிராந்தி வாங்கி ஊத்துன்னு யோசனையும் சொன்னாராம். பாபு அதை வாங்கலை. கொல்லாம்பழமும், அதான் முந்திரிப்பழம், கதலிப்பழமும் போட்டு வடிச்ச நாட்டுச் சரக்கையே ஊத்தினார். அச்சுக்கு? தர்மடத்துக் கொல்லர் கிட்டே சொல்லி அடிச்சு வாங்கினார். பிரவுன் தின்னு பார்த்துட்டு, இன்னும் ஒரு டஜன் வேணும்னு சொல்லிட்டுப் போனாராம். கேட்டீங்களா? இந்தியாவின் முதல் கிறிஸ்மஸ் கேக்குன்னு இதைத்தான் அங்கே பெருமையா சொல்றாங்க. பிராந்தி இல்லை, சீமை அச்சு இல்லை. உள்ளூர்ப் பழம், உள்ளூர்க் கொல்லர்!

இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன், பலபேர் ஏற்கெனவே கேட்டிருப்பீங்க. ஆனா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது ரொம்பப் பொருந்தும். நம்ம மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. ஏத்தன் பழம், அதான் நேந்திரம் பழம், மார்த்தாண்டம் சந்தையில் குலைகுலையா தொங்குது. கருப்பட்டி இருக்கு, தேங்காய் எண்ணெய் இருக்கு. இதையெல்லாம் வச்சுக்கிட்டு, வாழைப்பழ எசன்ஸ் பாட்டில் தேடி கடை கடையா ஏறுறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கலை.

சரி, கேக்குக்கு வருவோம். மாவைச் சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே சூடு இருக்கணும், ஓவன் செய்யுற வேலை அவ்வளவுதான். கனமான பழைய அலுமினியப் பாத்திரம், இறுக்கமா மூடுற மூடி, அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல், மணலுக்கு மேல் ஒரு ஸ்டாண்டு. இது போதும். குக்கர்னா வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழட்டிடுங்க. தண்ணி இல்லாம காயுது பாத்துக்கிடுங்க, அதனால புதுக் குக்கரைத் தொடாதீங்க. நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

தோல் கறுத்துப்போன ஏத்தன் பழம் இரண்டு. கறுத்ததுதான் இதுக்கு நல்லது, தூரப் போட்டுராதீங்க. மட்டின்னா ஐந்தாறு. நல்லா மசிச்சுக்கிடுங்க. நூற்றைம்பது கிராம் கருப்பட்டியைக் கால் கப் தண்ணியில் கரைச்சு வடிகட்டி, ஆற வைங்க. வடிகட்டாம விட்டா பல்லில் மண் கடிபடும். அரை கப் புளிச்ச தயிர், கால் கப்புக்குக் கொஞ்சம் கூட தேங்காய் எண்ணெய், ஏலக்காய், சுக்குப்பொடி. இதோட ஒன்றரை கப் கோதுமை மாவு, முக்கால் ஸ்பூன் சோடா உப்பு, ஒரு சிட்டிகை உப்பு மூணையும் சலிச்சுச் சேருங்க. சோடா உப்புக்குப் புளிப்பு வேணும், புளிப்பு பட்டாத்தான் அது பொங்கும். அதனால்தான் தயிர் புளிச்சிருக்கணும்னு சொன்னேன். மாவு சேர்த்த பிறகு நாலு கிளறு, அதோட நிறுத்திருங்க. அடிச்சு அடிச்சுக் கலக்கினா கேக் ரப்பர் மாதிரி இழுக்கும். திரும்பச் சொல்றேன், மாவு சேர்த்த பிறகு அடிக்காதீங்க.

பாத்திரத்தைப் பத்து நிமிஷம் காயவிட்டு, எண்ணெய் தடவின தகர டப்பாவில் மாவை ஊத்தி உள்ளே இறக்குங்க. முக்கால் டப்பாவுக்கு மேல் ஊத்தக் கூடாது. தீ சிறுசு. முதல் அரைமணிக்கு மூடியைத் திறக்கவே கூடாது. பிள்ளைகள் வந்து "ஆச்சா, ஆச்சா"ன்னு கேட்கும், அதுக்காகவும் திறக்காதீங்க. முக்கால்மணியில் தென்னை ஈர்க்கில் ஒண்ணை எடுத்து நடுவில் குத்திப் பாருங்க. மாவு ஒட்டாம வந்தா ஆச்சு. நல்லா ஆறின பிறகு வெட்டுங்க. மறுநாள் இன்னும் ருசியா இருக்கும், மிஞ்சினா.

முட்டை சேர்க்கலாமான்னு கேட்பீங்க. ஒண்ணு சேர்க்கலாம், தயிரைக் கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுறாங்க. கஞ்சிக்கு வச்சிருந்த நேரமெல்லாம் தலைச்சேரிக்கே போயிருச்சு. சட்டுனு சொல்லிடறேன். சம்பா அரிசியில் தண்ணி தாராளமா வச்சுக் குழைய விடணும், உப்பு கடைசியில். சிறுபயறை வறுத்து, உடையாம வேக வச்சு, தேங்காய், சீரகம், சின்ன உள்ளி, வத்தல் மிளகாயைச் சதைச்சுப் போட்டுப் பிரட்டணும். காய்ச்சல்காரங்களுக்கு மிளகாய்க்குப் பதிலா நல்லமிளகு, அதான் குருமிளகு. பப்படத்தைப் பொரிக்காம கனலில் சுடுங்க. தொட்டுக்கச் சுட்ட தேங்காய்த் துவையல்... அதுக்கு இனி நேரம் இல்லை. அடுத்த தடவை கூப்பிட்டா சொல்றேன். வணக்கம்.