எந்திரம் படுத்துவிட்டால் யார் வருவார்கள்?

வணக்கம் நேயர்களே. ரோபோ மாதிரியான நவீனத் தொழில்நுட்பம் ஏழைகளுக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று பேசச் சொல்லி நிலையத்தில் கேட்டார்கள். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. உதவுகிறது என்று ஒரு அணி, இல்லை என்று ஒரு அணி, கடைசியில் நடுவர் இரண்டு பக்கமும் தலையாட்டி ஒரு தீர்ப்பு. எனக்கு அப்படிப் பேச வராது. அடிபம்பு, குடிநீர், சாக்கடை என்று தண்ணீர் பக்கமே என் வேலை போய்விட்டது, அதனால் யார் எந்த எந்திரத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான். இது படுத்துவிட்டால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள், அதுவரைக்கும் அந்த வேலையை யார் செய்வார்கள்?

சாக்கடை ரோபோவில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஏழைக்காகவே செய்த ரோபோ என்று நம் நாட்டில் காட்ட வேண்டுமானால் அதைத்தான் காட்ட வேண்டும். 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி உள்ளேயே விழுந்துவிட்டார்கள். அவர்களைத் தூக்கிவிடலாம் என்று ஓடிவந்து இறங்கினார் ஒரு ஆட்டோ ஓட்டுநர். மூன்று பேரும் இறந்துபோனார்கள். கேரளாவில் பொறியியல் படித்த சில இளைஞர்கள், ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற கம்பெனி நடத்துகிறவர்கள், அதற்கப்புறம் பாண்டிகூட் என்ற ரோபோவைச் செய்தார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது, பிறகு நம் கும்பகோணத்துக்கும் வந்தது.

நீங்கள் பார்த்திருக்காவிட்டால் சொல்கிறேன். மேன்ஹோல் மூடியைத் திறந்து அதன் வாய்மேல் ஒரு சட்டத்தை நிறுத்துகிறார்கள். அதிலிருந்து ரோபோ மட்டும் உள்ளே இறங்குகிறது, காலை விரித்து ஊன்றிக்கொள்கிறது, கையை நீட்டி மண்ணையும் கல்லையும் துணியையும் அள்ளி வாளியில் போடுகிறது. உள்ளே என்ன வாயு இருக்கிறது என்று பார்க்கவும் அதில் கருவி உண்டு. மேலே ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்குகிறார். நேற்றுவரை அதே குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே அந்த வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அந்த வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐதரசன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அது எல்லோருக்கும் தெரியும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் தெரியாது. நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று ஒருவர் நினைக்கிற நேரத்தில்தான் உள்ளே அது ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும். ஆக, இறங்காமல் மேலேயே நின்ற அந்த மனிதருக்கு ரோபோ உதவுகிறதா என்றால், உதவுகிறது, இதில் என்ன வாதம் வேண்டிக்கிடக்கிறது?

சரி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. ரோபோவும் வந்தாயிற்று. அப்படியும் மாதத்துக்கு ஒரு தடவையாவது எங்கோ ஒரு ஊரில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி படிக்கிறோம். அதில் பாதாளச் சாக்கடை மட்டும் இல்லை, ஓட்டல், அடுக்குமாடி வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளும் நிறைய. அங்கெல்லாம் எந்த நகராட்சி ரோபோவும் எட்டிப்பார்ப்பதில்லை.

ரோபோ இருக்கிற ஊரிலேயே என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு சென்சார் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி ஆள் வர வேண்டும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்திருந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கோப்பு நகர வேண்டும், தணிக்கையில் ஒருவர் கேள்வி கேட்பார். ரோபோ ஷெட்டில் நிற்கிறது. சாக்கடை நிற்குமா? தெருவில் பொங்கி வாசல்படி ஏறுகிறது, மக்கள் கவுன்சிலரைப் பிடிக்கிறார்கள், கவுன்சிலர் அதிகாரியைப் பிடிக்கிறார், அதிகாரி சூப்பர்வைசரைத் திட்டுகிறார், சூப்பர்வைசர் ஒரு எண்ணுக்கு போன் போடுகிறார். அந்த எண்ணுக்கு உரிய ஆள் எப்போது கூப்பிட்டாலும் வருவார். அவருக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டாம், டெண்டர் வேண்டாம், சில நூறு ரூபாய் போதும். எந்திரம் படுத்த அன்றைக்கு ஏழையின் உடம்புதான் ஸ்பேர் பார்ட். ரோபோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது ஓடுகிற நாளைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு அது படுத்த நாளைப் பற்றித்தான் கவலை.

இது எனக்குப் புரிந்தது அடிபம்பைப் பார்த்துத்தான். அடிபம்பு என்று நான் ஆரம்பித்தாலே வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வேறு அலைவரிசைக்குத் திருப்பாமல் கொஞ்சம் இருங்கள்.

1967இல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கடும் பஞ்சம். கருங்கல் பாறையில் கையால் கிணறு வெட்ட மாதக்கணக்கில் ஆகும். அப்போது யுனிசெஃப் வெளிநாட்டில் இருந்து காற்றழுத்தத்தில் பாறையைத் துளைக்கிற ரிக்குகளைக் கொண்டுவந்து இறக்கியது. இன்றைக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராத்திரியோடு ராத்திரியாகப் போர் போட்டுவிட்டுப் போவது நமக்குச் சாதாரணம், அன்றைக்கு அதுதான் உச்சகட்டத் தொழில்நுட்பம், இன்றைய ரோபோவுக்கு இருக்கிற மரியாதை அதற்கு இருந்தது. ஆயிரக்கணக்கில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். மேலே என்ன வைத்தார்கள்? வார்ப்பிரும்புப் பம்பு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு பண்ணை வீட்டுக் குடும்பம் நாளைக்கு நாலு வாளி அடிப்பதற்குச் செய்த சாமான். அதை ஒரு ஊரே விடியற்காலையில் இருந்து ராத்திரி வரை அடித்தால் என்ன ஆகும்? 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்பு ஓடவில்லை. அத்தனை பெரிய ரிக் போட்ட கிணற்றில் அடியில் தண்ணீர் இருக்கிறது, மேலே கைப்பிடி உடைந்து கிடக்கிறது, பெண்கள் பழையபடி குடத்தோடு குட்டைக்கு நடக்கிறார்கள்.

அப்புறம் வந்ததுதான் இந்தியா மார்க் 2. மகாராஷ்டிராவில் சோலாப்பூர்ப் பக்கம் ஒரு கிறித்தவ மிஷன் பட்டறையில் செய்துகொண்டிருந்த எஃகுப் பம்பை எடுத்து, மெருகேற்றி, நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வைத்து ஓட்டிப்பார்த்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. தகட்டை வெட்டி வெல்டிங் வைத்த உடம்பு, கைப்பிடிக்குள் ஒரு சங்கிலி, இரண்டு பேரிங், அவ்வளவுதான். யாரும் அதற்குக் காப்புரிமை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, ஒழுங்காகச் செய்யத் தெரிந்த எந்தப் பட்டறையும் செய்யலாம். இன்றைக்கு ஆப்பிரிக்காவின் எத்தனையோ கிராமங்களில் அடிப்பது இந்தப் பம்பைத்தான்.

ஆனால் எனக்குப் பம்பைவிடப் பெரிதாகத் தெரிவது, கூடவே தமிழ்நாட்டில் செய்த பராமரிப்பு ஏற்பாடு. ஊருக்கு ஒரு பம்பு காப்பாளர், அவர் கையில் ஸ்பேனரும் கிரீஸும். ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக். மாவட்டத்துக்கு ஒரு வண்டி, சங்கிலி, ஆட்கள். காப்பாளரிடம் விலாசம் எழுதிய தபால் அட்டைகள் கொடுத்திருப்பார்கள். பம்பு நின்றால் அதில் எழுதிப் போட வேண்டியது, ஆள் வர வேண்டும். வராவிட்டால், வரவில்லை என்பது எழுத்தில் இருக்கும்.

அதிலும் ஒரு தொல்லை பாக்கி இருந்தது. அடியில் பிஸ்டனில் ஒரு தோல் வாஷர், சின்னத் தோல் கிண்ணம் மாதிரி இருக்கும், அது தேய்ந்தால் தண்ணீர் ஏறாது. அந்த ஒரு வாஷரை மாற்ற, மேலிருந்து அடிவரைக்கும் மொத்தக் குழாயையும் தூக்க வேண்டும், அதற்கு மாவட்ட வண்டி வர வேண்டும், வண்டி வருவதற்குள் ஊர் காய்ந்துவிடும். 1980களில் கோவைக் கிராமங்களில் மறுபடி வருடக்கணக்கில் சோதனை. தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் போட்டார்கள், ரொம்ப நாள் தாங்கியது. மார்க் 3 என்று இன்னொன்று செய்தார்கள், அதில் குழாயை அகலமாக்கிவிட்டதால் குழாயை அசைக்காமலே பிஸ்டனை மட்டும் அதன் வழியாக மேலே உருவிவிடலாம். வண்டி வேண்டாம், உள்ளூர் ஆட்கள் போதும். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போகாத பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், அடிபம்பு மெக்கானிக் ஆனார்கள். ஒரு ஸ்பேனர் யார் கைக்குப் போகிறது என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

இப்போதுதான் ரேடியோவைத் திருப்பியவர்களுக்கு: ரோபோ ஏழைக்கு உதவுமா என்று பேச வந்தவர் அடிபம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படுத்தால் யார் வருவார்கள் என்பதுதான் விஷயம், அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான கதை தென்னாப்பிரிக்காவில் கிளம்பிய பிளேபம்ப். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும். கேட்க எவ்வளவு அழகு! 2006இல் அமெரிக்காவில் பெரிய மேடையில் 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். ஊருக்கு வேண்டிய தண்ணீருக்குக் குழந்தைகள் ஒரு நாளில் 27 மணி நேரம் சுற்ற வேண்டும் என்று ஒரு பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. கடைசியில் பெண்கள்தான் குனிந்து சுற்றினார்கள். பராமரிப்புச் செலவுக்கு என்ன திட்டம் என்றால், தண்ணீர்த் தொட்டிமேல் விளம்பரப் பலகை. பைசா இல்லாத ஊரில் எந்தக் கம்பெனி விளம்பரம் வைக்கும்? பழுதானால் தகவல் சொல்ல ஒரு செல்போன் எண் கொடுத்திருந்தார்கள், ஆனால் பழுது பார்க்க மாதக்கணக்கில் ஆள் வராத ஊர்கள் உண்டு. பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைப் பிடுங்கிவிட்டு அதை வைத்திருந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அப்படியென்றால் எல்லாமே ஸ்பேனரில் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டுமா? இல்லை. ருவாண்டாவில் 2016இல் இருந்து ஆளில்லா விமானத்தில் மருத்துவமனைகளுக்கு ரத்தம் போகிறது, ஜிப்லைன் என்ற கம்பெனி நடத்துகிறது. மலைப்பாதையில் மணிக்கணக்கில் வர வேண்டியது வானத்தில் வந்து காகிதப் பாராசூட்டில் விழுகிறது. வேண்டும்போது வரவழைக்கலாம் என்பதால் யாரும் ரத்தத்தைப் பதுக்கி வைப்பதில்லை, காலாவதியாகி வீணாகிற ரத்தம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று ஆய்வு சொல்கிறது. அந்த விமானத்தில் ஒரு திருகாணியைக்கூட ஊர்க்காரர்களால் தொட முடியாது. தொட வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அது கெட்டுப்போனாலும் கம்பெனியின் மையத்தில்தான் கெடுகிறது, பக்கத்திலேயே இன்னொரு விமானம் நிற்கிறது, அரசாங்கம் பணம் கட்டுகிறது. மருத்துவமனை நர்ஸுக்கு ஒரு போன் போதும். ஒன்று, பழுது ஊரிலேயே தீர வேண்டும், இல்லாவிட்டால் பழுது ஊருக்கே வரக் கூடாது. ஊரில் படுத்து, தலைநகரில் இருந்து ஆள் வர வேண்டிய எந்திரம்தான் ஏழையை ஏமாற்றுகிறது.

அதனால்தான் சாக்கடை விஷயத்தில் எனக்கு ஹைதராபாத் பிடிக்கும். அங்கே 2017இல் சந்துக்குள் நுழைகிற மாதிரி சின்ன ஜெட்டிங் வண்டிகள், அதாவது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் சாக்கடை அடைப்பை எடுக்கிற வண்டிகள், 70 விட்டார்கள். வண்டி தலித் தொழில்முனைவோருக்குச் சொந்தம், குடிநீர் வாரியம் வேலைக்கு ஒப்பந்தம் கொடுக்கிறது. ரோபோ அளவுக்கு அதில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி படுத்தால் வருமானம் நின்றுபோவது சொந்தக்காரருக்கு, அவர் அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடி ஓடுவார், கோப்புக்குக் காத்திருக்க மாட்டார். சென்னையிலும் இதே மாதிரி தூய்மைப் பணியாளர்களை வண்டி உரிமையாளர்களாக ஆக்கும் வேலை அண்மையில் தொடங்கியிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். வேலை போவதைப் பற்றிப் பேசத்தான் பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், அடிபம்பு தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். பங்களாதேஷின் ஸ்வெட்டர் தொழிற்சாலைகளில் தானாகப் பின்னுகிற எந்திரம் வந்து நிறையப் பேருக்கு வேலை போனது. தஞ்சைப் பக்கம் அறுவடை எந்திரம் வந்து கதிர் அறுத்த கைகளுக்குக் கூலி நாட்கள் சுருங்கின. சாக்கடையில் போக வேண்டிய வேலை போகிறது, வயலில் இருக்க வேண்டிய வேலை போகிறது, இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இது தனியாக ஒரு உரைக்கு உண்டான விஷயம்.

ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் 14420 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், உரிமம் உள்ள வண்டி வரும். வருகிறவர் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொன்னால், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் சரி, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுங்கள். நன்றி, வணக்கம்.