மெர்லயனுக்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்தது

[காட்சி: சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரம், மாலை நேரம்]

வணக்கம். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் எங்கே கூட்டிப்போவோம்? சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலை, செந்தோசா, தேக்காவில் சாப்பாடு, முஸ்தஃபாவில் தைலமும் சாக்லேட்டும். போன முறை வந்த என் சித்தப்பா மெர்லயன் முன்னால் நின்றுகொண்டு, "இங்கே பழசு எதுவும் இல்லையாப்பா?" என்று கேட்டார். அவருக்கான பதில்தான் இந்த வீடியோ.

அவர் நின்ற இடத்துக்கு மிக அருகிலேயே ஒரு பாறை இருந்தது. 1819ல் ஆற்றுவாயின் கரையில் காடு வெட்டியபோது அது வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். அதன்மேல் சுமார் 50 வரி எழுத்து. இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் உட்படப் பலர் படித்துப் பார்த்தார்கள், ஒருவருக்கும் பிடிபடவில்லை. 1843ல், கோட்டைக்கும் குடியிருப்புக்கும் இடம் வேண்டுமென்று வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. அவற்றில் ஒன்று திரும்பி வந்தது. அந்த 50 வரியும் முழுசாக நம் கையில் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

[காட்சி: கல்துண்டின் அண்மைப் படம்]

மலாய்க்காரர்கள் இந்தப் பாறைக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். பாடாங் என்ற பலசாலி இங்கே வாழ்ந்தான். அவனோடு மோத, கெலிங் நாட்டு அரசன் தன் மல்லனைக் கப்பலில் அனுப்பினான். கெலிங் என்றால் அந்தக் காலத்து மலாய் வழக்கில் நம் தென்னிந்தியக் கரை. நம்மவரால் பாறையை முழங்கால் வரைக்கும்தான் தூக்க முடிந்தது. பாடாங் தூக்கி ஆற்றுவாயில் எறிந்துவிட்டான். பந்தயப் பொருளாக நம் ஆட்களின் ஏழு கப்பலும் போயிற்று!

கதை கிடக்கட்டும். 2019ல் இயன் சின்க்ளேர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், கல்லின் எழுத்துகளில் 'கேசரிவ' என்ற பகுதி தெரிவதாகச் சொன்னார். பரகேசரிவர்மன் என்ற பட்டத்தின் நடுப்பகுதியாக அது இருக்கலாம் என்பது அவர் கருத்து. சோழர்கள் ஒருவர்விட்டு ஒருவர் சூடிய பட்டம் அது. 1025 வாக்கில் கடாரத்தின்மேல் படையெடுத்த ராஜேந்திரனும் ஒரு பரகேசரிதான். இது ஒருவரின் வாசிப்பு மட்டுமே, முடிந்த முடிவல்ல. ஆனாலும் தமிழ் படித்த யாரும் அந்தத் துண்டின் முன்னால் சும்மா கடந்து போக முடியாது. தேசிய அரும்பொருளகத்தின் சொத்து அது. எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

[காட்சி: புக்கிட் பிரவுன், மரங்களுக்கிடையே கல்லறைகள்]

அப்புறம் புக்கிட் பிரவுன். 1922ல் திறந்து 1973ல் மூடிய சீன இடுகாடு. சுமார் 1 லட்சம் கல்லறைகள். இடுகாட்டுக்கா என்று முகம் சுளிக்காதீர்கள். பணக்காரர்களின் சமாதிகள் சிலவற்றில் தலைப்பாகை கட்டிய சீக்கியச் சிலைகள் காவல் நிற்கின்றன. அந்நாளில் செல்வந்தர் வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் சீக்கியர்கள்தான் ஜாகா, அதாவது காவலாளிகள். வீட்டைக் காத்தவர்கள் சமாதியையும் காக்கட்டும் என்று வைத்தார்கள் போலிருக்கிறது. காலையிலேயே போங்கள், கொசுமருந்து அவசியம்.

[காட்சி: ஆவி பறக்கும் நீர், செம்பவாங்]

சித்தப்பாவுக்கு இடுகாடு வேண்டாம் என்றால், செம்பவாங். எரிமலையே இல்லாத இந்தத் தீவில் 70 டிகிரி சூட்டில் வெந்நீர் ஊறுகிறது. எப்படி? மழைநீர் கருங்கல் பாறையின் விரிசல்கள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப்போக பூமியே சூடு. அங்கே காய்ந்த நீர், வேறு விரிசல் வழியாக மேலே ஏறிவிடுகிறது. 1909ல் கண்டுபிடித்தார்கள். 1920களில் ஒரு பானக் கம்பெனி இதைப் புட்டியில் அடைத்து விற்றது. 2020 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள்.

படிப்படியாக இறங்கும் குளத்தில் மேலே நீர் நன்றாகச் சுடும். கீழ்ப்படியில் 40 டிகிரிக்கு ஆறிவிடும், கால் வைத்து உட்காரலாம். வார இறுதியில் தாத்தா பாட்டிகள் முழங்கால் வலியோடு வந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். முட்டை வேகவைக்கத் தனி இடம் இருக்கிறது. பச்சை முட்டையும் ஒரு பாத்திரமும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கூடவே கொஞ்சம் உப்பும் மிளகுத்தூளும்.