யோனா ஏன் ஓடினார்?

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பைபிளில் வரும் தீர்க்கதரிசி யோனா என்றதும் எல்லோருக்கும் அவரை விழுங்கிய அந்தப் பெரிய மீன்தான் ஞாபகம் வரும். மீனைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மனிதர் ஏன் ஓடினார் என்று கேட்டுப் பார்ப்போம். நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொல்கிறார். யோனாவோ யோப்பா துறைமுகத்துக்குப் போய், கூலி கொடுத்து, எதிர்த்திசையில் இருந்த தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுகிறார். பயந்து ஓடினார் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவரே சொல்லும் காரணம் வேறு. அது யோனா புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தில்தான் வெளியே வருகிறது. நீர் "இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையுமுள்ளவர்" என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன் என்கிறார். கிருபையை நன்றாக அறிந்திருந்ததாலேயே கீழ்ப்படிய மறுத்த மனிதர்!

அவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். நினிவே அசீரியர்களின் பெருநகரம். ஊர்களை எரித்து, மக்களைச் சிறைபிடித்து, தேசம் விட்டுத் தேசம் கொண்டுபோய்க் குடியேற்றிய சாம்ராஜ்யம் அது. பின்னாளில், கி.மு. 722 வாக்கில், யோனாவின் சொந்த நாடான வட இஸ்ரவேலை அழித்ததும் அதே அசீரியாதான். அப்படிப்பட்டவர்களுக்கு மன்னிப்பா என்று அவர் கொதித்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அநியாயத்தில் அடிபட்டவர்களுக்கு அந்தக் கொதிப்பு புரியும்.

சரி, இரண்டாம் தரம் அழைப்பு வந்தபோது கீழ்ப்படிந்துவிட்டாரே? போனார், உண்மைதான். "இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்" என்று அறிவித்தார். மனந்திரும்புங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதாக எழுதப்படவில்லை. ஆனாலும் ராஜா சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். மிருகங்களுக்குக்கூட இரட்டு, அதாவது துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணி, உடுத்தச் சொல்கிறான். ஊரே தப்பிக்கிறது. யோனாவுக்கோ அடங்காத கோபம். நகரத்துக்குக் கிழக்கே குடிசை போட்டுக்கொண்டு, இந்த ஊருக்கு என்ன நடக்கப்போகிறது பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார். கால் கீழ்ப்படிந்தது, மனம் இன்னும் தர்ஷீசுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊருக்காக நான் பரிதாபப்படக் கூடாதா என்று கர்த்தர் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவே இல்லை.

லூக்கா 15-ல் இயேசு சொன்ன கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனின் அண்ணனான மூத்த மகனும் இவரைப் போலத்தான். இத்தனை வருடம் உழைத்தேன், உம்முடைய கட்டளையை ஒருநாளும் மீறவில்லை என்கிறான். தகப்பன் அதை மறுக்கவில்லை. ஆனால் தம்பி திரும்பி வந்த சந்தோஷத்தில் வீடே களிக்கும்போது இவன் மட்டும் உள்ளே வர மனமில்லாமல் வெளியே நிற்கிறான். இளையவனைக் கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட அதே தகப்பன், இவனையும் தேடி வெளியே வந்து கெஞ்சுகிறார். ஒருநாளும் மீறாத பிள்ளைக்கும் கிருபை தேவைப்பட்டது. இந்தப் பகுதியை நாம் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம் என்பது என் வருத்தம்.

அப்படியானால் கீழ்ப்படிதல் எதற்கு, இஷ்டப்படி வாழலாமே என்று சிலர் கேட்பார்கள். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6-ம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் இதற்கு "கூடாதே" என்று பட்டென்று பதில் சொல்லிவிட்டார். யாத்திராகமத்தின் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் இஸ்ரவேலருக்கு எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை, செங்கடலைக் கடப்பது. அப்புறம்தான் சீனாய் மலையும் பத்துக் கட்டளைகளும். கட்டளைகளைக் கைக்கொண்டு சம்பாதித்த விடுதலை அல்ல அது. விடுதலையானவர்கள் எப்படி வாழ வேண்டும் என்பதற்குத்தான் கட்டளைகள் வந்தன. இந்த வரிசை நம் மனதில் தலைகீழானால், கீழ்ப்படிதல் நாம் கட்டிய விலையாகிவிடும். விலை கட்டாமல் உள்ளே வருகிறவனைப் பார்த்தால் அப்புறம் எரிச்சல்தான் வரும்.

சபையில் பல வருடம் உண்மையாக உழைத்தவர்களைத்தான் இதை அதிகம் யோசிக்கச் சொல்வேன். விழுந்து எழுந்து வந்த ஒருவர் ஆராதனையில் நம் பக்கத்தில் வந்து உட்காரும்போது நமக்குள் என்ன எழும்புகிறது? கசப்புதான் எழும்புகிறதென்றால் அதை மறைக்க வேண்டாம், அப்படியே ஜெபத்தில் சொல்லிவிடலாம். யோனா தன் கோபத்தை ஜெபத்தில்தான் கொட்டினார். கர்த்தரும் அவரை விரட்டிவிடாமல், "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கேட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

நன்றி, வணக்கம்.