"எனக்கெதுக்கு இந்த வயசுல சைக்கிள்?": ஒரு நேயரின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, திண்டுக்கல்லேருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன். "44 வயசுல சைக்கிள் கத்துக்கிட்டேன். இப்ப தினமும் காலைல ஏழெட்டு கிலோமீட்டர் போறேன். எங்க நாத்தனாருக்கும் என் வயசுதான். கூட வாங்கன்னா, 'எனக்கெதுக்கு இந்த வயசுல'ன்னு சிரிச்சு மழுப்பிடுறாங்க. எப்படி வரவைக்கிறது?"

அக்கா, "ரொம்ப ஈசி, நானே ஓட்டுறேன்ல"ன்னு சொல்லிப் பாத்திருப்பீங்க. இனிமே சொல்லாதீங்க. ஈசின்னு கேள்விப்பட்ட வேலையில தடுமாறுனா கூச்சம் இன்னும் கூடத்தான் செய்யும். நீங்க விழுந்த கதையைச் சொல்லுங்க. முட்டியில தழும்பு இருந்தா காட்டுங்க.

நான் புதுக்கோட்டைக்காரி. எங்க மாவட்டத்துல 1991-ல அறிவொளி இயக்கம் வந்தப்ப, எழுத்தோட சேர்த்து சைக்கிளும் சொல்லிக்குடுத்தாங்க. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த நேரம். பாடம் எடுக்கிற பொண்ணுங்க ஊர் ஊராப் போகணும், பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க முடியாது, அண்ணன் தம்பி கொண்டுவந்து விடுவான்னு உட்காரவும் முடியாது. காரணம் அவ்வளவுதான். அப்புறம் குவாரியில கல்லுடைக்கிறவங்க, அங்கன்வாடி டீச்சருங்கன்னு ஆரம்பிச்சு, 70,000-க்கும் மேல பெண்கள் பொது இடத்துல ஓட்டிக் காட்டுனாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்குனாங்க. முன்னாடி பார்ல பிள்ளையை உட்கார வச்சுக்கலாம்ல, அது வேற வசதி!

எங்கம்மா அப்பக் கத்துக்கிட்டவங்கதான். சொல்லிக்குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? மூணு வாரம் முன்னாடி கத்துக்கிட்ட எதிர்வீட்டு அத்தை. சாயங்காலம் கண்மாய்க்கரையில, அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு மிதிக்க, அத்தை கேரியரைப் புடிச்சுக்கிட்டே ஓடிவருவாங்களாம். "இந்த எடத்துலதான்டி நானும் விழுந்தேன், பாத்து"ன்னு கத்திக்கிட்டே. நல்லா ஓட்டுறவங்களுக்கு அந்தப் பள்ளம் ஞாபகத்துலயே இருந்திருக்காது. உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்குல்ல, அதான் உங்க பலம்.

அதனால நாத்தனாரை "ரைடு போவோம்"னு கூப்பிடாதீங்க. அவங்களுக்கு எங்க போகணும், யாரை எதிர்பார்த்து நிக்கிறாங்கன்னு பாருங்க. ரேஷன் கடையா, கோயிலா, தையல் வகுப்பா? "அங்க நீங்களே போயிட்டு வந்துரலாம்"னு ஒரு தடவை சொல்லி விட்டுருங்க. தினமும் நச்சரிச்சா வீம்புக்கே வரமாட்டாங்க.

சரின்னு தலையாட்டிட்டாங்கன்னா, வீட்டு வாசல்ல வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத மைதானம், விடிகாலை. சீட்டை நல்லா இறக்குங்க, ரெண்டு பாதமும் தரையில முழுசாப் பதியணும். பெடல் ரெண்டையும் கழட்டிருங்க. இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ், வழக்கமா இறுக்குற பக்கம் திருப்புனாத்தான் கழலும். இது தெரியாம நான் ஒரு ஸ்பேனரையே வளைச்சிருக்கேன். அப்புறம் காலால தரையை உந்தி உந்தி உருளவிடுங்க. ஹேண்டில்பாரை நீங்க புடிக்கக் கூடாது, பேலன்ஸ் அவங்களுக்கு வராது. சீட்டுக்குப் பின்னாடி புடிங்க. முன்சக்கரத்தைக் குனிஞ்சு பாக்காம தூரமாப் பாக்கச் சொல்லுங்க. காலைத் தூக்கிக்கிட்டு பத்தடி உருள ஆரம்பிச்சதும் பெடலை மாட்டலாம்.

ரோட்டுக்கு வந்தப்புறம் அவங்களை முன்னாடி விடுங்க. நீங்க முன்னாடி போனா, உங்களைப் புடிக்கணும்னு அவசரப்பட்டு மிதிப்பாங்க, அவங்க தடுமாறுறதும் உங்களுக்குத் தெரியாது. எந்தத் தெருவுல திரும்புறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும். மெதுவாத்தான் போவாங்க. உங்க ஏழெட்டு கிலோமீட்டர் கொஞ்ச நாளைக்கு ரெண்டு கிலோமீட்டர் ஆயிடும். அதுக்கு உங்களுக்குப் பொறுமை இருக்கான்னு முதல்ல யோசிச்சுக்குங்க அக்கா. முறைச்சுக்கிட்டே ஓட்டுனா அவங்களுக்குப் புரிஞ்சிரும்.

சரி, அடுத்தது ஒரு தம்பி, செயின் கழண்டுக்கிட்டே இருக்குன்னு கேட்டிருக்காரு.