செந்துளுவனில் ஒரு பச்சைக் குலை

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். சொன்னதையே சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் இரைகிறது என்று பின்வரிசையில் கை காட்டுகிறார்கள். கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். இப்போது சரியா?

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘கடவுளை நம்புகிறவர் பரிணாமத்தை ஏற்க முடியுமா?’ முடியும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அப்படி இருக்கிறவர்கள் ஏராளம், நானே ஒருவன். ஞாயிறு காலை ஆலயத்தில் பாட்டுப் புத்தகம், திங்கள் காலை பத்தாம் வகுப்பில் டார்வின். ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான் ஓடியது. ஆனால் சும்மா ஓடவில்லை. அதற்கு நான் என்னென்ன விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லலாம் என்று வந்தேன்.

ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்குகிறேன். அரையாண்டுத் தேர்வு. ‘இயற்கைத் தேர்வை விளக்குக.’ ஐந்து மதிப்பெண். ஒரு பையன் குறை சொல்ல முடியாதபடி எழுதியிருந்தான். கடைசியில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘சார், இதை நான் நம்பவில்லை. மார்க்குக்காகத்தான் எழுதினேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.’ முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. பதினைந்து வயசுப் பிள்ளை, பாவம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒரு சரியான விடையை எழுதியிருக்கிறது. அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதில் அவனுடைய போதகருக்குப் பங்கு உண்டு என்றால் எனக்கும் உண்டு. நான் பாடத்தை முடித்தேனே தவிர, ‘உனக்கு இதில் என்ன உறுத்துகிறது மக்ளே’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்துக்கு ஐந்து போட்டேன். வேறென்ன செய்ய?

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு 1809 என்ற வருஷத்தை மறக்க முடியாது. தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் இறந்தது அந்த வருஷம். மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே கிறிஸ்தவக் கோயில் கட்டியது அந்த வருஷம். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பிறந்ததும் அதே வருஷம் என்கிறார்கள். இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் பிறந்ததும் 1809-ல்தான், பிப்ரவரி 12. ஜோசியம் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். நம் ஊரில் சபையும் அய்யாவழிப் பதியும் எவ்வளவு பழசோ, டார்வினும் ஏறக்குறைய அவ்வளவு பழசு. நேற்று வந்து நம் நம்பிக்கையைக் கெடுக்கிற ஆள் இல்லை என்பதற்காகச் சொன்னேன். அவரே பாதிரியார் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க அனுப்பப்பட்டவர். 1882-ல் அவர் இறந்தபோது அடக்கம் செய்தது வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள்ளே.

2018-ல் ஒன்றிய இணையமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, ஆகவே டார்வின் தப்பு என்றார். 2023-ல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமம் போயே போய்விட்டது. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கண்டித்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது. இருந்து என்ன, அடைப்புக்குறிக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுதினால்?

சரி, யாரும் பார்த்ததில்லையா? அந்த விடைத்தாள் பையன் இப்போது குலசேகரம் பக்கம் வாழை போட்டிருக்கிறான். போன வருஷம் ஒருநாள் போன். ‘சார், செந்துளுவன் கன்றுதான் வைத்தேன், நம்ம செவ்வாழை. எல்லாம் சிவப்புக் குலை தள்ளியிருக்கு, ஒரு மூடு மட்டும் பச்சை. யாரோ கன்றை மாத்திட்டானோன்னு பார்த்தா, இலை, தாறு, காய் எல்லாம் செந்துளுவன்தான். நிறம் மட்டும் போச்சு.’ யாரும் மாற்றவில்லை. செந்துளுவன் எப்போதாவது ஒருமுறை இப்படிச் செய்யும். குருத்தில் ஒரு செல்லில் திடீர்மாற்றம் நடந்து, அந்தச் செல்லிலிருந்து வந்த குலை பச்சையாகிவிடுகிறது. அந்த மூட்டுக் கன்றை எடுத்து நட்டால் அதுவும் பெரும்பாலும் பச்சைதான் காய்க்கும். அதைத் தனியாகப் பெருக்குவதா, வெட்டி எறிவதா என்பது விவசாயியின் இஷ்டம். நம் அப்டா சந்தையில் மட்டி, ஏத்தன், ரசகதலி, பாளையங்கோடன், பேயன் என்று தொங்குகிறதே, எல்லாம் இப்படி யாரோ ஒருவர் ‘இது நல்லாருக்கே’ என்று கன்றெடுத்து வைத்ததன் வரிசை. அந்த ‘யாரோ ஒருவர்’ இடத்தில் பஞ்சத்தையும் நோயையும் வெயிலையும் வையுங்கள், வருஷத்தைக் கோடிக்கணக்கில் கூட்டுங்கள். டார்வின் சொன்னது அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஒரு போதகர் வாழைப்பழத்தைக் கையில் பிடித்து, பாருங்கள், கைக்கு அடக்கம், உரிக்க வசதி, இது படைத்தவனின் கைவண்ணம் என்று வீடியோவில் பேசினார். அவர் பிடித்திருந்தது கடைப்பழம். நம் மலையில் பாறை இடுக்கில் நிற்கிற கல்வாழையின் பழத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பூராக் கொட்டை, பல் போகும். வசதி செய்து வைத்தது பாட்டன் பூட்டன்.

மனிதனுக்கு வருவோம். நாம் இப்போது இருக்கிற குரங்கிலிருந்து வரவில்லை. நமக்கும் குரங்குக்கும் பொதுவாக ஒரு மூதாதை. எப்படித் தெரியும்? வாத்தியாருக்குக் காப்பி அடித்தவனைப் பிடிக்கத் தெரியும். இரண்டு தாளில் ஒரே சரியான விடை இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே தப்பு, ஒரே இடத்தில் இருந்தால் விட மாட்டோம். ஆட்டுக்கு நெல்லிக்காய் வேண்டாம், அதன் உடம்பே வைட்டமின் சி செய்துகொள்ளும். நாய்க்கும் அப்படித்தான். நம்மால் முடியாது. அதைச் செய்கிற கடைசி நொதிக்கான மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, உடைந்து கிடக்கிறது. அதே உடைசல் குரங்குகளிடமும் இருக்கிறது. கினிப் பன்றிக்கும் அந்த மரபணு உடைந்ததுதான், ஆனால் வேறு மாதிரி உடைந்திருக்கிறது. நம் காட்டில் ராத்திரி கண்ணை உருட்டிக்கொண்டு கிளையைப் பிடித்தபடி நகருமே தேவாங்கு, அந்தக் கிளை உடைசலுக்கு முன்பே பிரிந்துபோனது. தேவாங்கு வகைகளால் இன்றும் வைட்டமின் சி செய்துகொள்ள முடிகிறது. ஆண்டவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படைத்தார் என்றால், ஒரே உடைசலை நமக்கும் குரங்குக்கும் ஏன் வைத்தார் என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்விக்கு எனக்குப் பக்தியான பதில் கிடைக்கவில்லை. அங்கே நான் தனித்தனிப் படைப்பை விட்டேன். நான் விட்ட முதல் சாமான் அது.

தேவாங்கைச் சொன்னதால் ஒரு கிளைக்கதை. மடகாஸ்கரில் லெமூர், இங்கே அதன் உறவுக்காரத் தேவாங்கு, நடுவில் கடல், எப்படி என்று யோசித்த பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864-ல், நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று எழுதி லெமூரியா என்று பேர் வைத்தார். டார்வினின் ஆதரவாளரான ஹெக்கல் ஒருபடி மேலே போய், மனிதன் தோன்றியதே அங்கேதான் இருக்கும் என்றார். நாம் அதைக் குமரிக்கண்டம் என்று எடுத்துக்கொண்டோம். பிறகு கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தது. சுமார் 8.8 கோடி வருஷங்களுக்கு முன்பு மடகாஸ்கரிடமிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்தது நம் நிலம். மூழ்கிய கண்டத்துக்கு வேலை இல்லாமல் போனது. விஞ்ஞானிகள் லெமூரியாவைக் கைகழுவிவிட்டார்கள், நாம் இன்னும் மேடையில் முழங்குகிறோம். கோபப்படாதீர்கள். விடாப்பிடி மதக்காரர்களிடம் மட்டும் இருக்கிற வியாதி இல்லை என்று சொல்ல வந்தேன்.

இனி எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். சமாதானம் பண்ணி வைக்கிறேன் பேர்வழி என்று சிலர் வருவார்கள். மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், இது பரிணாமம்தானே என்பார்கள். திருவாசகத்தில் ‘புல்லாகிப் பூடாய்’ இருக்கிறதே, மாணிக்கவாசகர் அப்போதே டார்வின் என்பார்கள். ஆறு நாள் என்றால் ஆறு யுகம் என்பார்கள் என் ஆட்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் மாணிக்கவாசகர் பேசுவது ஓர் உயிர் பிறவி பிறவியாக அலைந்து இளைத்த வேதனையை. அந்த வரிசையில் பறவைக்குப் பிறகு பாம்பு, அப்புறம் கல், மனிதன், பேய். உயிரியல் பாடமாகப் படித்தால் தப்பு, அழுகையாகப் படித்தால் உயிர் உருகும். அவரை டார்வினுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுவது இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை. ஆதியாகமத்துக்கும் அதேதான். அதில் சூரியன் நான்காம் நாள்தான் வருகிறது, செடிகொடி மூன்றாம் நாளே வந்துவிடுகிறது. யுகமாக்கினால் சிக்கல் கூடுமே தவிரக் குறையாது. புனித அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதும்போது எச்சரித்தார்: வேதத்தைக் காட்டி வானத்தைப் பற்றியும் விலங்கைப் பற்றியும் கிறிஸ்தவன் உளறினால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொன்னால் யார் நம்புவார்கள்? டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருஷம் முந்திய ஆள் சொன்னது இது. வேதத்தை அறிவியல் புத்தகமாகப் படிப்பதை விட்டேன். இரண்டாவது சாமான்.

பேர்ப் பட்டியல் வேண்டுமானால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டாணிச் செடியில் மரபியலைத் தொடங்கிய மெண்டல் ஒரு துறவி. பரிணாமத்தின் வெளிச்சம் இல்லாமல் உயிரியலில் எதற்கும் அர்த்தமில்லை என்று 1973-ல் எழுதிய டோப்ஷான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். போப் இரண்டாம் ஜான் பால் 1996-ல் பரிணாமம் வெறும் ஊகத்தைவிட மேலானது என்றார். டார்வினே 1879-ல் ஒரு கடிதத்தில், ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்கலாம் என்பதைச் சந்தேகிப்பதே அபத்தம் என்று எழுதினார். நல்லது. ஆனால் பெரிய ஆட்கள் நம்பினார்கள் என்பதால் ஒன்று சரியாகிவிடாது. அந்த டார்வினே தனக்கு அந்த நம்பிக்கை வாய்க்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டார். ஏன் வாய்க்கவில்லை?

தென்னை வைத்திருக்கிறவர்களுக்குக் கருந்தலைப் புழு தெரியும். ஓலையின் அடிப்பக்கத்தில் நூலாம்படை கட்டிக்கொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். மரம் தீப்பிடித்த மாதிரி காய்ந்து நிற்கும். அதற்கு வேளாண்மைத் துறையில் ஒட்டுண்ணி என்று குட்டிக் குளவியைக் கொடுப்பார்கள், வாங்கித் தோப்பில் விடுவோம். அது என்ன செய்கிறது? புழுவைக் கொட்டும். புழு சாகாது, அசையாமல் கிடக்கும். அதன்மேல் முட்டை வைக்கும். பொரித்து வருகிற குஞ்சுகள் உயிரோடு கிடக்கிற புழுவை உறிஞ்சித் தின்று வளரும். நமக்குத் தேங்காய் கிடைக்கிறது, நிம்மதி. இந்தக் குளவிக் குடும்பத்தின் பங்காளிக் குடும்பம் ஒன்றைப் பற்றித்தான் டார்வின் 1860-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்குக் கடிதம் எழுதினார். கம்பளிப்புழுவை உயிரோடு உள்ளிருந்து தின்பதற்கென்றே இப்படி ஒன்றை அன்பான கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். அதற்கு ஒன்பது வருஷம் முன்பு அவருடைய மகள் ஆனி இறந்திருந்தாள். பத்து வயசு.

பூமிக்கு வயசு ஆறாயிரமா, நானூற்றைம்பது கோடியா என்பதெல்லாம் எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயமாக இருந்ததில்லை. கணக்குத்தானே, மாற்றிக்கொள்ளலாம். இந்தப் புழுதான் கெடுத்தது. சாவு ஆதாமின் பாவத்தால் உலகத்துக்கு வந்தது என்று ஞாயிறு பள்ளியில் கற்றேன். மனிதன் வருவதற்குப் பல கோடி வருஷம் முன்பே சாவு இருந்தது, நோய் இருந்தது, ஒன்றை ஒன்று தின்பது இருந்தது. அதுவும் வெறுமனே இருக்கவில்லை, அது இல்லாமல் நாம் வந்திருக்கவே மாட்டோம். இதை எந்தப் பிரசங்கத்திலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாத்திக நண்பர்கள் ‘பார்த்தீரா ஓய்’ என்கிறார்கள். என் சபைக்காரர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து வாழ வேண்டுமென்றால் இந்த இடத்தில்தான் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். குரங்கு விவகாரம் சில்லறை.

ஒரு சம்பவத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள். குளச்சலில் சுனாமியில் இறந்தவர்களைக் குழி தோண்டி மொத்தமாக அடக்கம் செய்தார்கள். சில நாள் கழித்து ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமுக்குப் பாய், போர்வை கொண்டுபோனேன். என்னை வாத்தியார் என்று அடையாளம் தெரிந்த ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகளை இழந்தவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

‘சாரே, நீங்க சயின்ஸ் வாத்தியாராக்கும் இல்லியா. இது ஏன் வந்தது?’

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பூமியின் மேலோடு தட்டுத் தட்டாக இருப்பது, நம் தட்டு நகர்ந்துகொண்டே இருப்பது, சுமத்ரா பக்கம் அது இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைவது, அங்கே கடலடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்தது. மடகாஸ்கரிடமிருந்து நம்மைப் பிரித்துக் கொண்டுவந்ததும் இதே நகர்வுதான் என்றுகூடச் சொல்லிவிட்டேன். வாத்தியார் புத்தி. அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், என் கையையே பார்த்தபடி முழுக்கக் கேட்டார்.

‘அது செரி சாரே,’ என்றார். ‘ஏன் வந்ததுண்ணுதான் கேட்டேன்.’

நான் சொன்ன கணக்கில் இன்றைக்கும் ஒரு தப்புக் கிடையாது. பதில் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்தார்கள். அவர் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனார். நானும் பின்னாலேயே போய்க் கடைசி வரிசையில் நின்றேன்.