துப்பாக்கி யார் கையில்?

வணக்கம் நேயர்களே. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்ற வீடியோ கேம் 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. பத்து வருடம் கழித்து, 2023 ஜனவரியில், அமெரிக்க டிவி நிறுவனமான எச்பிஓ அதைத் தொடராக ஆக்கியது, முதல் சீசன் ஒன்பது பாகம். இரண்டும் எனக்கு உயிர். கதையின் முடிவைப் பற்றியும் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும்.

மனிதர்களை வெறிகொள்ள வைக்கும் ஒரு பூஞ்சை உலகத்தை அழித்துவிடுகிறது. அது தொற்றியும் வெறிகொள்ளாத ஒரே பெண் எல்லி. மகளைப் பறிகொடுத்த ஜோயல் அவளை அமெரிக்கா முழுக்கக் கூட்டிப்போகிறான். கதை அவ்வளவுதான்.

கேமில் பூஞ்சை காற்றில் மிதக்கும் தூளாகப் பரவும், முகமூடி போட்டுக்கொண்டுதான் சில இடங்களைக் கடக்க வேண்டும். தொடரில் அதை மாற்றி, மண்ணுக்கடியில் ஓடும் இழைகளாக்கினார்கள். ஓரிடத்தில் மிதித்தால் தூரத்தில் இருக்கும் தொற்றியவர்கள் விழித்துக்கொள்வார்கள். ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு உடனே பிடித்தது. இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு கனோடெர்மா என்ற பூஞ்சையைத் தெரியும். அடிமரத்தில் காளான் தெரியும்போது உள்ளே தண்டு அழுகிப்போயிருக்கும். வேரோடு வேர் தொட்டு அடுத்த மரத்துக்கும் போகும். மண்ணுக்குள் இருந்து வரும் பூஞ்சைதான் நமக்கு உண்மையான பயம்.

இரண்டாம் பாகம் ஜகார்த்தாவில் தொடங்குகிறது. கேமில் இந்தக் காட்சியே கிடையாது. இந்தோனேசியாவின் பெரிய நடிகை கிறிஸ்டின் ஹக்கிம், பூஞ்சை ஆராய்ச்சிப் பேராசிரியராக வருகிறார். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, நகரத்தையே குண்டு போட்டு அழியுங்கள் என்று கைநடுங்கச் சொல்கிறார். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மலாய்க்கு நெருக்கமான அந்த மொழி கீழே ஓடும் எழுத்து இல்லாமலே புரியும். என் அம்மா அந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாம் பாகமும் அப்படித்தான். கேமில் ஜோயலுக்குத் தெரிந்த பில் தனியாகத்தான் இருப்பான், அவனைப் பிரிந்துபோன பிராங்க் கசப்பான ஒரு கடிதம் எழுதிவைத்து இறந்துகிடப்பான். தொடரில் அந்த இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்ந்து முதுமை அடைகிறார்கள். நாம் ஆடும் ஆளின் கண் போகாத இடத்துக்குக் கேமால் போக முடியாது. தொடர் போனது. நான் அழுதேன்.

அப்புறம் அந்த சீசனின் கடைசிப் பாகம். மருத்துவமனையில் எல்லியின் மூளையிலிருந்து மருந்து எடுக்கப் போகிறார்கள், அவள் பிழைக்கமாட்டாள். ஜோயல் எல்லாரையும் சுட்டுத் தள்ளி அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஜோயலாக பெட்ரோ பாஸ்கல் அருமையாக நடித்தார். வெடிச்சத்தத்தை அடக்கி, சோக இசையை மேலே ஓடவிட்டார்கள். பார்த்தேன், மனம் கனத்தது, ஆனாலும் அது ஜோயல் செய்த காரியமாகத்தான் இருந்தது.

கேமில் அந்த அறுவைச் சிகிச்சை அறைக்குள் நுழைவது நான். மருத்துவர் சின்னக் கத்தியோடு குறுக்கே நிற்கிறார். அவரைக் கொல்லாமல் ஆட்டம் நகராது. கன்ட்ரோலரைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றாலும் வேறு வழி திறக்காது. பக்கத்தில் இருக்கும் மற்ற இருவரை விட்டுவிடலாம், சுடவும் செய்யலாம், அது நம் விருப்பம். அந்தப் பாரத்தை எந்தக் கேமராவாலும் என் கையில் வைக்க முடியவில்லை.

அதனால் வீட்டில் கன்ட்ரோலரைத் தொடாதவர்கள் முதலில் தொடரைப் பாருங்கள், முடிந்தால் அம்மா அப்பாவோடு. அப்புறம் பிள்ளைகளிடம் கேட்டு, அந்த மருத்துவமனை வரைக்கும் நீங்களே விளையாடிப் போங்கள். நன்றி, வணக்கம்.