அறுவைக்கு முன் தடவும் மருந்து: பழுப்பா, இளஞ்சிவப்பா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "முதல் சிசேரியனுக்கு வயிற்றில் பழுப்பு மருந்து தடவினார்கள், தையலில் சீழ் பிடித்தது. இரண்டாவதற்கு இளஞ்சிவப்பு மருந்து, ஒரு தொந்தரவும் இல்லை. பழுப்பு மருந்து மட்டமா, டாக்டர்?"

நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், அம்மா. பழுப்பாக இருப்பது போவிடோன் அயோடின், நாம் பெட்டாடின் என்று சொல்வது. மற்றது குளோர்ஹெக்சிடின், தடவிய இடம் கண்ணுக்குத் தெரியவே அதில் சாயம் சேர்க்கிறார்கள். மருந்து தண்ணீரில் கரைந்திருக்கிறதா, ஆல்கஹாலிலா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

2010-இல் அமெரிக்காவில் 849 பேரிடம் நடந்த ஆய்வில், அயோடின் தடவியவர்களில் 16.1 சதவீதத்தினருக்கும் குளோர்ஹெக்சிடின் தடவியவர்களில் 9.5 சதவீதத்தினருக்கும் புண்ணில் தொற்று வந்தது. ஆனால் அங்கே அயோடின் தண்ணீரில் கரைந்தது, குளோர்ஹெக்சிடினோ ஆல்கஹாலில் கரைந்தது. வல்லத்தையும் விசைப்படகையும் போட்டிக்கு விட்டதுபோலத்தான். இரண்டையும் ஆல்கஹாலோடு வைத்து 1,147 சிசேரியன் தாய்மார்களிடம் ஒப்பிட்ட 2016 ஆய்விலும் குளோர்ஹெக்சிடினே முந்தியது: 4.0 சதவீதம், அயோடினில் 7.3. ஆகவே சிசேரியனுக்கு நானும் அதையே எடுப்பேன். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினைத்தான்.

இருந்தாலும் வழக்கு முடிந்துவிடவில்லை. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் வயிற்று அறுவை செய்துகொண்ட 5,788 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், தண்ணீரில் கரைந்த அயோடினுக்கும் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2024-இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்விலும், இதய, வயிற்று அறுவைகளில் ஆல்கஹால் கலந்த அயோடின் பின்தங்கவில்லை. கண்ணருகே, காதுக்குள் என்றால் குளோர்ஹெக்சிடினை நாங்கள் தொடுவதே இல்லை. அங்கே தண்ணீரில் கரைந்த அயோடின்தான்.

எந்த மருந்தானாலும் தடவியவுடன் கத்தி வைக்கக் கூடாது. ஆல்கஹால் கலந்தது தானாக உலர மூன்று நிமிடமாவது விட வேண்டும். தொப்புள் குழியில் ஒரு சொட்டு தேங்கி நின்றாலும், ரத்தத்தை நிறுத்தச் சூடு வைக்கும் கருவியின் பொறியில் தீப்பிடிக்கும். அதனால் பஞ்சால் ஒற்றி எடுத்த பிறகே துணி போர்த்துவோம்.

உங்கள் முதல் புண் சீழ் பிடித்ததற்குச் சர்க்கரை, ரத்தசோகை, பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆனது என்று பல காரணங்கள் இருக்கலாம். அந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்க்காமல் மருந்தின் மேல் பழி போட மாட்டேன். இன்னொன்று, அறுவைக்கு முந்தின இரவு வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொண்டு வருகிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். அந்தச் சின்னக் கீறல்களில்தான் கிருமி குடியேறும். முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் மருத்துவமனையில் கிளிப்பர் வைத்து நாங்களே எடுத்துக்கொள்வோம்.